கழற்றிப் போட்ட கேரியர்

தெமிர்குல் அந்த வெள்ளை வேனை பிஷ்கெக் கார்ச் சந்தையிலிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியபோது புருல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஹாரன் சத்தம் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடி வந்தாள்.

ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்துப்போன வண்டி அது. பின்கதவில் ஒரு நசுங்கல், உள்ளே சிகரெட் நாற்றம், கண்ணாடியில் தெருவில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத ஸ்டிக்கர். கூரைமேல் பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்கிற கேரியர் ஒன்று அப்படியே இருந்தது. இரண்டு குறுக்குக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியிலும் ரப்பர் பதித்த நீள வாய்கள். கட்டைகளை இடையில் கொடுத்து மூடினால் கவ்விக்கொள்ளும்.

தெரு ஆண்கள் டயரை உதைத்துப் பார்த்தார்கள். பேனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு, தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னார்கள். புருல் இன்ஜினைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை. பக்கக் கதவின் படியில் ஏறி நின்று, மாவு ஒட்டிய கையாலேயே எட்டி, கேரியர் ஓரத்திலிருந்த பொத்தானை அமுக்கினாள். வாய் டக்கென்று திறந்துகொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, இதுல நாலு ஜோடி தாராளமா போகும்."

"என்ன நாலு ஜோடி?"

"கட்டைங்கதான்."

"அதை நாளைக்கே கழட்டிடணும்," என்றார் தெமிர்குல். "பெரிய இரும்புக் கேரியர் அடிச்சு மாட்டினாத்தான் ஆப்பிள் பெட்டி ஏத்த முடியும். இது வழி பூரா காத்துல விசிலடிச்சு மண்டையை உடைச்சிடுச்சு. டீசலும் எக்கச்சக்கமா குடிக்குது."

புருல் படியிலிருந்து இறங்கினாள். கூரையில் பதிந்திருந்த மாவுக் கறையை முழங்கையால் துடைத்தாள். "அடுப்புல எண்ணெய் காயுது," என்று சொல்லி உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவர் அதைக் கழற்றினார். இரண்டு போல்ட்டுகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. தனியாள் வேலையில்லை. கீழே நட்டை ஸ்பானரால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். புருலைக் கூப்பிட்டார். அவள் வந்து பிடித்துக்கொண்டாள். "விடாதே, நல்லா அழுத்திப் பிடி," என்றார். அவள் விடவில்லை. அதே தெருவில் குடியிருந்த டிரைவர் ஒஸ்மோன் வந்து, ஒரு ஸ்டெப்னி டயரைக் கொடுத்துவிட்டு அந்தக் கேரியரைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். நல்ல வியாபாரம் என்று தெமிர்குல் நினைத்தார். பிறகு பல வருஷங்களுக்கு அந்தக் காலை அவர் நினைவுக்கே வரவில்லை.

புருல் சிறுமியாக இருந்த காலத்தில் அவர்கள் ஊரான கராகோலுக்கே வேறு பெயர். விளையாட்டுப் பள்ளியின் லாரி ஒவ்வொரு குளிர்காலமும் பிள்ளைகளை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அந்த லாரியில் வளர்ந்தவள் அவள். கொடிக்கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிற போட்டியில் குடியரசிலேயே முதலாவதாக வந்தாள். அல்மா-அத்தாவுக்கும் காகஸஸ் மலைகளுக்கும் அணியோடு போய்வந்தாள். அந்த வருஷங்களில் தெமிர்குல் ஊருக்குப் பக்கத்து ஏரியின் தென்கரையில் ஒரு கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். பெண் நல்லவள், விளையாட்டில் ஏதோ பதக்கம் வாங்கியவள் என்று சொன்னார்கள். பதக்கம் வாங்கியவள் என்றால் உடம்பு திடமாக இருக்கும், மாடு கன்று பார்த்துக்கொள்வாள் என்றாள் அவர் அம்மா. கல்யாணம் நடந்தது.

மணப்பெண் வீட்டுக்குள் வந்த அன்று அம்மா அவள் தலையில் கல்யாணமான பெண்கள் கட்டுகிற வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். சுற்றி நின்ற பெண்கள் காதில் விழும்படி சொன்னாள்: "இனிமே இந்தத் தலைக்குப் பந்தயத் தொப்பி வேணாம், இதுவே போதும். மலைக்கு எங்க வீட்டு ஆடு போகும், மருமக போகமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். புருலும் சிரித்தாள். தெமிர்குல்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அவள் கேட்காமல் இல்லை. மூத்தவன் பால் மறந்த குளிர்காலத்தில் ஒருமுறை கேட்டாள். பழைய அணிப் பெண்கள் மலைக்குப் போகிறார்களாம், ஒரு நாள், காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாமாம். "அம்மா என்ன சொல்லுவாங்க?" என்றார் அவர். அதற்குப் பதில் தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும். பிறகு நாடு பல குடியரசுகளாக உடைந்தது. ஆட்களை மலைமேல் ஏற்றுகிற தூக்கு நாற்காலிகள் கயிற்றில் தொங்கியபடியே துருப்பிடித்தன. கேட்பதற்கே ஒன்றும் இல்லாமல் போனது. உருளைக்கிழங்கு, மாடு, இரண்டு பையன்கள், குழந்தைகள் பள்ளியில் சமையல் வேலை என்று அவளுக்கு வயது ஏறியது.

அந்த வெள்ளை வேன் வந்த சமயம் மலையில் ஒரு வரிசை நாற்காலிதான் ஓடிக்கொண்டிருந்தது; சில வருஷம் கழித்துத்தான் மறுபடி எல்லாம் முழுசாக ஓடத் தொடங்கின. ஊரில் விருந்தினர் விடுதிகள் முளைத்தன. அல்மாத்தி என்று பெயர் மாறிவிட்ட அல்மா-அத்தாவிலிருந்து பணக்காரப் பையன்கள் வந்தார்கள். தாடி வைத்த ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள். ஆப்பிள் பெட்டியைவிட ஆட்களை ஏற்றுவதே மேல் என்று தெமிர்குல் கண்டுகொண்டார். இரும்புக் கேரியரைக் கழற்றி வீசிவிட்டு, கவ்வுகிற வாய் வைத்த கேரியர் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினார். முன்பு ஒன்று இருந்ததே என்ற எண்ணம் அப்போதும் அவருக்கு வரவில்லை. ஒஸ்மோன்தான், "என்ன தெமிர், அன்னிக்கி எனக்குத் தூக்கிக் குடுத்ததை இன்னிக்கிக் காசு குடுத்து வாங்கறியா?" என்று கிண்டலடித்தான். அதற்கும் சிரித்துக்கொண்டார்.

வேலை கைக்கு வந்தது. கட்டைகளை அடியோடு அடி சேர்த்து ஜோடியாக்கி, முனை பின்பக்கம் பார்க்கப் படுக்க வைப்பார். முனை முன்பக்கம் இருந்தால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். ஸ்னோபோர்டுகள் என்றால் தடிமன் அதிகம், காலைப் பூட்டுகிற பட்டைகள் வேறு கூரையில் உரசும். அதற்காகவே கம்பிக்கு அடியில் மரத்துண்டு கொடுத்து வாயை உயர்த்தி வைத்திருந்தார். ஏற்றி முடித்துக் கிளம்பினால் ஊர் எல்லை தாண்டி முதல் மேட்டில் ஒருமுறை நிறுத்தி, இறங்கி, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்ப்பார். காற்றில் வருகிற விசிலுக்கும் மருந்து தெரிந்துகொண்டார். முன்கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு கயிற்றை வரிந்துவிட்டால் போதும், சத்தம் அடங்கிவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ குடித்தபடி அன்றைய கதைகளைச் சொல்வார். எந்த வெளிநாட்டுக்காரன் குட்டிக்கரணம் அடித்தான், எந்த அல்மாத்திப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் ஒரு சுற்று சுற்றி வந்தாள் என்றெல்லாம். புருல் தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்.

"மேல பனி எப்படிங்க இருக்கு?"

"எப்படின்னா?"

"பொடியா இருக்கா, ஈரமா இருக்கா? காலைல மேலாக்க கெட்டி தட்டியிருக்கா?"

"பனி பனியாத்தான் இருக்கு. என்ன கேள்வி இது?"

பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. அம்மா காலமானாள். பையன்கள் இருவரும் பிஷ்கெக்கில் வேலை தேடிக்கொண்டார்கள். தெமிர்குலின் இடுப்பு எலும்பு தகராறு செய்தது. விடுதிக்காரர்கள் சொந்த வண்டி வாங்கிக்கொண்டார்கள். அவர் வேனை விற்றுவிட்டு, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர ஒரு சின்னக் கார் வாங்கினார். அதன் கூரையில் ஒன்றுமில்லை.

அப்படி இருக்கும்போதுதான், புருலுக்கு ஐம்பத்து மூன்று முடிந்த ஜனவரியில், ரயீசா வந்தாள்.

ரயீசா புருலின் பழைய அணித்தோழி. நாடு உடைந்த கையோடு குடும்பத்தோடு நோவோசிபிர்ஸ்க் போனவள். குரல் பெரிது, ஆள் அதைவிடப் பெரிது. பழைய விளையாட்டுப் பள்ளிப் பிள்ளைகள், ஐம்பது தாண்டியவர்கள், எல்லாரும் சேர்ந்து கராகோல் மலையில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், தன் பெயரோடு புருலின் பெயரையும் கொடுத்துவிட்டதாகவும் வாசலில் நின்றபடியே அறிவித்தாள். கூடவே இரண்டு ஜோடி கட்டைகள், பூட்ஸோடு. ஒன்று அவளுடையது, இன்னொன்று அவள் மகளுடையது. பிஷ்கெக்கிலிருந்து ஷேர் டாக்ஸியில் வரும்போது டிரைவருக்கும் தனக்கும் நடுவில் அவற்றைச் செருகிக்கொண்டு வந்தாளாம்.

"கியர் மாத்தறப்பல்லாம் என் தொடையைத்தான் மாத்துனான் பாவி," என்றாள்.

"ரயா, உனக்குப் பைத்தியமா?" என்றாள் புருல். "என் முட்டியைப் பாத்தியா? மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் என்ன இருபதா? பூட்ஸ் போட்டுப் பாரு. அப்பவும் நமக்கு ஒரே அளவு. காலு பெருத்திருக்காது, மத்ததுதான் பெருத்திருக்கும்."

பெரிய மனதோடு தெமிர்குல் குறுக்கே சொன்னார்: "போயிட்டு வாயேன். நான் ஒண்ணும் சொல்லலையே."

புருல் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்ககிட்ட அனுமதி கேக்கலைங்க. என் முட்டிகிட்டதான் கேட்டுட்டிருக்கேன்."

ரயீசா மேசையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு புருல் பால் கறக்கப் போனதும், ஜாம் கிண்ணத்தை அருகே இழுத்து வைத்துக்கொண்டு தெமிர்குலிடம் கேட்டாள்: "தெமிர், இவ சறுக்கி நீ பாத்ததே இல்லையா?"

"பாக்காம என்ன? போன வாரம்கூட கிணத்தடில சறுக்கி விழுந்தாளே."

ரயீசா சிரிக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நீ ஒரு வெள்ளை வேன் வாங்குனியே, ஞாபகம் இருக்கா? மேல கேரியரோட வந்துச்சாம்."

"ஆமா. அது எப்படி உனக்குத் தெரியும்?"

"அன்னிக்கி சாயங்காலம் இவ போஸ்டாபீஸுக்கு நடந்து போயி எனக்கு ட்ரங்க் கால் போட்டா. வீட்டுல யாருக்கோ ஒண்ணு ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன். அழறாளா சிரிக்கறாளான்னு தெரியல. 'ரயா, அவரு எனக்காக கேரியர் வெச்ச வண்டி வாங்கிட்டு வந்திருக்காரு. ஆப்பிளுக்காகக் கழட்டணும்னு வாயில சொல்றாரு, அத்தை காதுல விழக்கூடாதுன்னு அப்படிச் சொல்றாரு போல. அவருக்குச் சொல்லத் தெரியாதுல்ல'ன்னா."

தெமிர்குல் டீக் கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன? ரெண்டு வாரம் கழிச்சு நானே இவ சமையல் செய்யற பள்ளிக்கு ஃபோன் போட்டேன், என்னைக்குடி மலைக்குப் போறேன்னு. மாட்டுக்கு வயிறு சரியில்லன்னா. நானும் கேக்கல, அவளும் சொல்லல."

கொட்டகையிலிருந்து வாளியில் பால் விழுகிற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. தெமிர்குல் எழுந்து ஜன்னலருகே போய், பார்க்க ஒன்றுமில்லாத முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே நின்று ஸ்பானரைப் பிடித்த கை அவருக்குத் தெரிந்தது. 'விடாதே, நல்லா அழுத்திப் பிடி' என்று தான் சொன்னதும் காதில் விழுந்தது. அவள் முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அன்று அதை அவர் பார்க்கவேயில்லை.

மறுநாள் ஞாயிறு. தெமிர்குல் சந்தைக்குப் பின்னால் பழைய உதிரிபாகக் கடைகளைச் சல்லடை போட்டார். சின்னக் காரின் கூரைக்கு ஏற்ற கேரியர் கிடைப்பது லேசில்லை. வேனின் கூரையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற விளிம்பு உண்டு, அதில் எதையும் கவ்வ வைக்கலாம். இந்தக் காருக்கு அது கிடையாது. கதவைத் திறந்து, கதவுச்சட்டத்தின் மேல்விளிம்பில் கொக்கியைக் கோத்து, மேலிருந்து போல்ட்டை முடுக்கி இறுக்க வேண்டும். ஒரு கடைக்காரன் கடைசிவரை, "மாமா, ரெண்டு கட்டைதானே, கயித்தைப் போட்டு ஜன்னல் வழியா கட்டிக்கிட்டுப் போங்களேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் தெமிர்குலும் அப்படித்தான் செய்திருப்பார். அன்று பிடிவாதமாகத் தேடி, கொக்கி பொருந்துகிறதா என்று காரை அங்கேயே கொண்டுவந்து வைத்துப் பார்த்து வாங்கினார்.

வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். குளிரில் ரப்பர்கள் கல்லாக இறுகியிருந்தன. ஒரு வாளி வெந்நீரில் அவற்றைப் போட்டு வைத்தார். கூரையில் படிந்திருந்த உப்பையும் மண்ணையும் துடைத்தார். அழுக்கோடு வைத்து இறுக்கினால் பெயின்ட் போய்விடும். இடுப்பு வலித்தது. குனிந்து நிமிர்ந்து இரண்டு கம்பிகளையும் வைத்தபோது புருல் வீட்டிலிருந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"முன்னாடி கம்பியை இன்னும் ஒரு சாண் முன்ன தள்ளுங்க. ரெண்டும் இவ்ளோ நெருக்கமா இருந்தா கட்டை ஆடும்."

தள்ளினார். கட்டைகளை மேலே வைத்து, பின்கதவைத் திறந்து, முனையில் இடிக்கிறதா என்று பார்த்தார். இடித்தது. இரண்டு ஜோடியையும் கொஞ்சம் முன்னே நகர்த்திப் பார்த்தார். இடிக்கவில்லை. கட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, எல்லா போல்ட்டையும் முடுக்கி முடித்து, ஒரு கயிற்றை எடுத்து முன்கம்பியில் வரியத் தொடங்கினார்.

"அது எதுக்கு?"

"விசிலடிக்காம இருக்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று விசிலைத்தான் முதல் குற்றமாகச் சொல்லியிருந்தார். ஒரு முழக் கயிறு போதுமாக இருந்திருக்கிறது. கயிற்றைச் சுற்றிக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமல் கேட்டார்:

"அன்னிக்கி போஸ்டாபீஸ் போனியாமே."

புருல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ரயாவுக்கு வாய் நிக்காது," என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எதை?"

"அந்தக் கேரியரை... உனக்குன்னு நெனச்சேன்னு."

"நெனச்சது நான்தானே. நீங்களா சொன்னீங்க?" அவள் கூரையில் கை வைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா கழட்டாம விட்டிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஆனால் அந்த வருஷம் வரிசையாகக் கண்முன் வந்தது. பையன்களின் பள்ளிக்கூடம், ஆப்பிள் தோட்டக்காரனிடம் கொடுத்த வாக்கு, முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா. 

"கழட்டித்தான் இருப்பீங்க," என்றாள் புருல், அவருக்கு உதவி செய்கிறவள்போல. "கொஞ்சம் வருத்தப்பட்டுக்கிட்டே கழட்டியிருப்பீங்க. அந்த மூஞ்சியைப் பாக்கறதுக்குச் சொல்லாமலே இருந்துடலாம்னு விட்டுட்டேன்."

பிறகு அவளே ஒரு ஜோடிக் கட்டையை அடியோடு அடி சேர்த்து, தலைக்கு மேல் தூக்கி, முனை பின்பக்கம் பார்க்கக் கம்பிகள்மேல் வைத்தாள். கை கொஞ்சமும் தடுமாறவில்லை. எப்படி வைக்க வேண்டும் என்று அவர் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை.

போட்டியன்று காலையில் மூவரும் சந்தையோரம் நின்று காரமும் புளிப்புமான குளிர் நூடுல்ஸ் சூப்பை ஆளுக்கொரு கிண்ணம் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பின்சீட்டில் ரயீசா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். முதல் மேட்டில் தெமிர்குல் நிறுத்தி இறங்கி, போல்ட்டுகளை இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். பைன் மரங்களுக்கு நடுவே பாதை ஏறியது. புருல் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டி, ஓரத்து மரத்திலிருந்து உதிர்ந்த பனியைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். 

மேலே வண்டி நிறுத்துமிடத்தில் பழைய டிரைவர்கள் நின்றார்கள். பெண்கள் இருவரும் நாற்காலிப் பக்கம் போனபின் ஒஸ்மோனும் வந்து சேர்ந்தான். "தெமிர், யாரை ஏத்திட்டு வந்தே, ரிட்டயர் ஆனப்புறம்?" என்று கேட்டான். தெமிர்குல் அவனோடு கயிறு கட்டிய ஓரத்தில் போய் நின்றார். இந்தச் சரிவை எத்தனையோ நூறு முறை அவர் கீழிருந்து பார்த்திருக்கிறார். டீயும் சிகரெட்டுமாக, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

ஆண்கள் இறங்கினார்கள். தொந்தியும் மூச்சிரைப்புமாக வந்து சேர்ந்தவர்களை உறவினர்கள் கேலி செய்து கைதட்டினார்கள். பிறகு பெண்கள். ரயீசா பீரங்கிக் குண்டுபோல நேராக வந்தாள். பாதிக் கொடிகளை இடித்துத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அடுத்து மேலே ஒரு நீல உருவம் கிளம்பியது.

முதலில் அது யாரென்று தெமிர்குலுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த புருல் அடுப்புக்கும் கொட்டகைக்கும் நடுவே கால் அகட்டி மெல்ல நடப்பவள், படியேறும்போது தூணைப் பிடிப்பவள். இந்த உருவம் எதையும் பிடிக்கவில்லை. தோள்கள் அசையாமல் பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தன. இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் நடந்தது. ஒரு கொடி, இன்னொரு கொடி, அடுத்தது. ஒவ்வொன்றையும் தோளால் உரசித் தாண்டும்போது பனி விசிறிபோல எழுந்து அடங்கியது. அவசரமே தெரியவில்லை. ஆனால் அதற்குள் பாதிமலை இறங்கியிருந்தாள். கயிற்றோரத்தில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"யாருப்பா இது?" என்றான் ஒஸ்மோன்.

"என் பொஞ்சாதி."

"பொய் சொல்லாதே."

கடைசி வளைவுக்கு முன் அவள் வலதுகால் மடங்கியது. விழவில்லை, ஆனால் அகன்று போய்விட்டாள். ஒரு கொடி தவறிவிட்டது. கொடி தவறினால் கணக்கில் சேராது. அது அவளுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த பழையவர்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அவள் நிற்காமல் மிச்சக் கொடிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, கோட்டைத் தாண்டி, பக்கவாட்டில் திரும்பி நின்றாள். யாரோ ஒரு கிழவர், பழைய பயிற்சியாளராக இருக்கலாம், தொப்பியைக் கழற்றினார். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

தெமிர்குல் தட்டவில்லை. கையுறை போட்ட கைகள் இரண்டும் கயிற்றைப் பிடித்திருந்தன. பெருமைப்பட வேண்டும் என்று தெரிந்தது, பெருமையும் வந்தது. ஆனால் அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. தன் வீட்டில் இத்தனை வருஷம் இது இருந்திருக்கிறது. அதைத் தான் பார்க்கவில்லை, வெளியே வரவும் விடவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் குட்டிக்கரணம் அடித்த கதையை அவளிடமே போய்ச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் அருகே போனபோது புருல் பனியில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, மூக்கில் தண்ணீர் வழிந்தது. கண்கள் அவர் பார்த்திராத வெளிச்சத்தில் இருந்தன.

"கீழ் வளைவுல காலு பேச்சைக் கேக்கலைங்க," என்றாள். "அந்த வேன் வந்த வருஷமா இருந்தா கேட்டிருக்கும். அப்பல்லாம் முட்டி நல்லா இருந்துச்சு."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பனி எப்படி என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். தெமிர்குல் மண்டியிட்டு, அவள் பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். பின்னால் ரயீசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ரயீசா ஊருக்குப் போகும்போது மகளின் கட்டைகளை விட்டுவிட்டுப் போனாள். முட்டி வீக்கம் வடிந்ததும் புருல் இன்னும் இரண்டு தடவை மலைக்குப் போனாள், குழந்தைகள் பழகுகிற தாழ்ந்த சரிவுக்கு. இரண்டாம் தடவை வீக்கம் வடியவில்லை. மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உள்ளே மெத்தைபோல இருக்க வேண்டியது தேய்ந்துவிட்டது என்றும், நடப்பதற்காவது முட்டி மிஞ்ச வேண்டுமானால் மலையை மறந்துவிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாள். "இது ஒரு நாள்ல தேஞ்சதில்லம்மா. வருஷக்கணக்கா வாளி தூக்கித் தேஞ்சது," என்றாள்.

இருவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பிஷ்கெக் சாலையில் பனி உருகி ஓரமெல்லாம் சேறாகக் கிடந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது தெமிர்குல் கேட்டார்:

"என்மேல கோபம் இருக்கா?"

"கோபத்தை வெச்சுக்கிட்டு மாடு கறக்க முடியுமா? உதைக்கும்." புருல் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க. உங்க அம்மா இருக்கறப்பவே போயிடுச்சு."

"அப்ப ஒண்ணும் இல்லையா?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் இல்லன்னு சொல்லமாட்டேன். அந்த வயசு ஒண்ணுதான். அது எனக்கு வேணும்போல இருக்கு. அதை யாரு தருவா?"

கோபம் மிச்சம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தெமிர்குலுக்குத் தோன்றியது. கோபம் என்றால் அதைத் தணிக்க ஏதாவது செய்யலாம், காலில்கூட விழலாம். இதற்குச் செய்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். விளக்கு எப்போதோ பச்சைக்கு மாறியிருந்தது.

"ஈஸ்ட் வாங்கணும்," என்றாள் புருல். "கடைப்பக்கமா போங்க."